வழிமொழிந்தவர்

செப்டம்பர் 19, வெள்ளி.
செய்தது: செப்டம்பர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டக் குறிப்பு, மூன்று பக்கம், தட்டெழுதித் தலைவருக்கு அனுப்பியாயிற்று.
பிழை: நிகழ்ச்சி நிரலின் ஆறாம் பொருள் வாசிக்கப்பட்டபோது நான் மண்டபத்தில் இல்லை. குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றேன். தலைவர் துண்டுக் கடதாசியில் தந்ததைப் பார்த்து எழுதினேன். கேட்காததைக் கேட்டதுபோல எழுதியது சரியல்ல. சின்னப் பிழைதான் என்று நினைக்கிறேன்.
நாளை: அம்மாவின் தட்டுகளை மண்டபத்திலிருந்து எடுத்து வரவேண்டும்.

பிரதீபா இப்படி எழுதத் தொடங்கி ஐந்து கிழமை. பகலில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் தொலைபேசி எடுப்பவள், திங்களும் புதனும் மாலையில் அலுவலக வேலை படிக்கப் போகிறாள். நாளுக்கு மூன்று விஷயம் எழுதுங்கள், செய்தது, பிழை, நாளை செய்ய வேண்டியது, எந்த மொழியிலும் எழுதலாம், நான் வாசிக்கப் போவதில்லை என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தாள். மற்றவர்கள் இரண்டாம் கிழமையே விட்டுவிட்டார்கள். பிரதீபாவால் தொடங்கிய ஒன்றை விட முடியாது. பிழை என்ற இடத்தை அவள் ஒருநாளும் வெறுமையாக விட்டதுமில்லை. இருபத்தேழு வயது ஆளுக்கு ஒரு நாளில் ஒரு பிழைதானா, மற்றவை கண்ணில் படவில்லையா என்பதுதான் அவளுடைய சந்தேகம்.

விடாத குணம் தகப்பனிடமிருந்து வந்தது. இராஜரட்ணம் கிளாஸ்கோவில் பதினொரு வருடம் பஸ் ஓட்டியவர். 2014இல் ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று அங்கே குடியிருந்தவர்களிடம் வாக்குக் கேட்டபோது, பொதுநலவாய நாடான இலங்கையைச் சேர்ந்தவர் என்ற வகையில் அவருக்கும் வாக்கு இருந்தது. பதினாறு வயது நிரம்பியிருந்ததால் பிரதீபாவுக்கும் இருந்தது. அந்தக் கோடை முழுக்க அவர் வேலை முடிந்து சீருடையோடேயே மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கிக் கதவு தட்டினார். செப்டம்பர் பதினெட்டாம் திகதி வாக்களிப்பு. விடிந்தபோது வேண்டாம் என்றவர்கள் ஐம்பத்தைந்து வீதம், வேண்டும் என்றவர்கள் நாற்பத்தைந்து வீதம். இரண்டு வருடம் கழித்து, மனைவி புனிதவதியின் சகோதரங்கள் ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜில் இருப்பதால், குடும்பமும் அந்த நகரத்துக்கு வந்தது. டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் வீடு. அவர் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார்.

வந்த வருடமே செப்டம்பர் வட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்களும், தாத்தாமார் அங்கிருந்து வந்தவர்களுமாகப் பதினொரு பேர், அப்பாவையும் மகளையும் சேர்த்து. ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். தோற்றுவிட்டோம், இன்னொரு முறை வாக்குக் கேட்கச் சொல்வோம், அதுவரை கடிதம் எழுதுவோம் என்பதுதான் அவர்களுடைய வேலை. வருடா வருடம் பதினெட்டாம் திகதி ஆண்டுக் கூட்டம். அதற்குப் புனிதவதியின் ஆட்டிறைச்சி றோல்ஸ். அவள் வீட்டில் மாவு கரைத்து, தோசைபோல் மெல்லிசாகச் சுட்டு, உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி, ரஸ்குத் தூளில் பிரட்டி அனுப்புவாள். மகள் மண்டபத்துக் குசினியில் பொரிப்பாள்.

சனிக்கிழமை காலை பிரதீபா தட்டெடுக்கப் போனாள். ஓகஸ்டில் மழை வெள்ளம் இறங்கிய நிலக்கீழ் தளம். கம்பளம் இன்னும் காயவில்லை. ஈரக் கம்பளமும் பழைய எண்ணெயும் கொட்டாத தேயிலையும் சேர்ந்து மணந்தன. மேசைகளை ஒருவரும் துடைக்கவில்லை. யாரோ றோல்ஸின் ஒரு நுனியைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டிருந்தார்கள். அது ஊதிப் பிளந்து இறைச்சி வெளியே மிதந்தது. இரண்டு விரலால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

தலைவர் இருக்கும் மேசையில் ஒரே கடிதத்தின் பல பிரதிகள் அடுக்கிக் கிடந்தன. எடின்பரோவில் இருக்கும் ஸ்கொட்லாந்து அரசாங்கத்துக்கு அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கையெழுத்திடும் கடிதம். தலைப்பு, அவள் குறிப்பில் எழுதிய அதே சொற்கள்தான்: வாக்குரிமைச் சீரமைப்பு. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாசித்தாள். அடுத்த வாக்கெடுப்பில் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்களும், உலகில் எங்கிருந்தாலும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டுமே வாக்களிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்களுக்கு வாக்கு இருக்கக்கூடாது. கடந்தமுறை நம்மைத் தோற்கடித்தது அவர்களே.

கீழே: முன்மொழிந்தவர், தலைவர் டங்கன். வழிமொழிந்தவர், இராஜரட்ணம். ஏகமனதாக நிறைவேறியது. ஆதாரம், கூட்டக் குறிப்பு, தயாரித்தவர் பிரதீபா இராஜரட்ணம்.

அவள் மூன்று தரம் வாசித்தாள். விளங்காததால் அல்ல. தனக்குத்தான் விளங்கவில்லையோ என்ற வழக்கமான சந்தேகத்தால். பிறகு ஒரு பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலிலேயே தாய் மறித்தாள்.

"உதை ஏன் உள்ளுக்குக் கொண்டாறாய்? இண்டைக்குப் புரட்டாதிச் சனி. இறைச்சி பட்ட மச்சத் தட்டு."

"கழுவத்தானே அம்மா."

"மணக்குது. ரெண்டு நாள் கிடந்த எண்ணெய். பல்கனியிலை வை. நாளைக்குக் கழுவலாம்."

புனிதவதி சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கத் துணியில் எள்ளுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பயிற்றங்காய் வெந்தது. இராஜரட்ணம் நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து, வட்டத்தின் மடக்கு மேசைக்குக் கழன்ற காலைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பிரதீபா தட்டை வைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னால் குந்தினாள். "அப்பா, ஆறாவது பொருளுக்கு நீங்களோ வழிமொழிஞ்சனீங்கள்?"

"ஓம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. டங்கன் பாவம், கடதாசியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் கையைத் தூக்கினன்."

"என்னத்துக்கு எண்டு தெரியுமோ?"

"வாக்குரிமை எண்டான். நல்ல விசயம்தானே."

"முழுக்கக் கேட்டனீங்களோ?"

"பிள்ளை, அவன் கதைக்கத் தொடங்கினால் பஸ் றூட் முடியும், கதை முடியாது. நீயெல்லோ குசினி வாசலிலை நிண்டு, றோல்ஸ் ஆறுது எண்டு கையைக் காட்டினனீ. கெதியா முடிப்பம் எண்டு நானும் தூக்கினன்."

காட்டியது உண்மைதான். அதை அவள் பிழை என்ற இடத்தில் எழுதியிருக்கவில்லை.

அவர் கை உயர்த்தியதும் புதினமில்லை. ஸ்காபுரோவில் அவருடைய பழைய மாணவர் சங்கத்தில் அவருக்குப் பெயரே வழிமொழி ராசர். ஒருவர் எழும்பித் தீர்மானம் ஒன்றைச் சொல்லி, வழிமொழிய ஆளில்லாமல் நின்றால், வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரை கொடுக்காமல் நிற்கவைத்தது போல அவருக்கு உடம்பு கூசும். பின்னாலே கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தால் இன்னும் கூசும். நிர்வாகசபையைக் கலைப்பது என்ற தீர்மானத்தையும், அதே கூட்டத்தில் அதே நிர்வாகசபையைத் தொடர்வது என்ற தீர்மானத்தையும் அவர்தான் வழிமொழிந்தார்.

மகள் நீட்டிய கடிதத்தை அவர் விரல் வைத்து வாசித்தார். முடிந்ததும் முதல் வரிக்குத் திரும்பினார். பிறகு திருகாணியை நிலத்தில் வைத்தார்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்றாள் புனிதவதி.

பிரதீபா தமிழில் சொன்னாள். தாய் எள்ளுப் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப நானோ அவங்களைத் தோற்கடிச்சனான்?"

"அம்மா, பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லையடி. உங்கடை அப்பா யெஸ் போட்டவர். நான் நோ போட்டனான். போற வழியிலேயே சொல்லிப்போட்டுத்தான் போட்டனான். இன்னுமொரு எல்லை, இன்னுமொரு பாஸ்போட், எனக்கேலாது எண்டனான். அவற்றை வோட்டை நான் வெட்டிவிட்டன். உன்ரை யெஸ் மிச்சம். எங்கடை வீட்டிலை அவங்களுக்கு ஒரு வோட் லாபம். அதுக்குத்தான் உந்த மரியாதையோ?"

புனிதவதி கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான் எத்தினை தரம் சொன்னனான், இஞ்சாருங்கோ. ஊரிலை தோத்தது காணாதெண்டு, இன்னொருத்தன்ரை தோல்வியை இரவல் வாங்கி வைச்சுக்கொண்டு திரியிறியள். ஒன்பது வருசமா நான் அதுக்கு றோல்ஸ் சுத்துறன். ஆர் கேட்டது உங்களை?"

"கேட்டாங்கள், புனிதம்." அவர் மெல்லத்தான் சொன்னார். "அதுதான் விசயம். கேட்டாங்கள். வீட்டுக்குக் கடிதம் போட்டு, இராஜரட்ணம், நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டாங்கள். பென்சில் தந்தாங்கள். வாசல்லை துவக்கோடை ஒருத்தனும் நிக்கேல்லை. சொன்னம். தோத்தம். வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தம். அடுத்த நாள் அதே பஸ்ஸிலை யெஸ் போட்டவனும் நோ போட்டவனும் ஏறினவங்கள். ஒருத்தரும் சாகேல்லை. அப்பிடிச் சுத்தமாத் தோக்கிறதை நான் என்ரை சீவியத்திலை அண்டைக்குத்தான் கண்டனான். அதைத்தான் பிடிச்சுக்கொண்டு திரியிறன்."

பயிற்றங்காய் அடிப்பிடிக்கும் மணம் வந்தது. புனிதவதி எழும்பிப் போய் அடுப்பைக் குறைத்தாள்.

"இப்ப அதுக்குள்ளை கொண்டுவந்து பீயைப் பூசியிருக்கிறான்," என்றார் இராஜரட்ணம். "என்ரை கையாலையே."

"அப்பா, நான் ஒண்டு செய்யலாம்." பிரதீபா சொற்களை அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினாள். "ஆறாவது பொருள் நேரம் நான் அங்கை இல்லை. இல்லாமல்தான் எழுதினனான். அதைச் சொன்னால் அந்தக் குறிப்புச் செல்லாது. நீங்கள் தூக்கினதுக்கு ஆதாரமில்லாமல் போகும்."

"தூக்கினனான் தானே."

"தெரியாமல் தூக்கினனீங்கள்."

"பள்ளிக்கூடப் பஸ்ஸிலை கதவைப் பாக்காமல் எடுத்தால், தெரியாமல் எடுத்தனான் எண்டு சொல்லேலுமோ? தூக்கின கை தூக்கினதுதான். நீ இல்லாமல் எழுதினதையும் சொல்லு, அது உன்ரை கணக்கு. ஆனால் நான் தூக்கேல்லை எண்டு எழுதாதை."

சாப்பிட்ட பின் அவள் வட்டத்தின் விதிகளைத் தேடி எடுத்தாள். டங்கனே ஒருகாலத்தில் எழுதிய ஒன்றரைப் பக்கம். ஒன்பதாம் விதியில் விரல் நின்றது. நிறைவேறிய தீர்மானம் ஒன்றை ஏழு நாளுக்குள் மீண்டும் எடுக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர் மட்டுமே கேட்கலாம். அவள் நாட்களை எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. சரியா என்று மறுபடி எண்ணினாள்.

"அப்பா, நீங்கள் கை தூக்கேல்லை எண்டு சொல்லியிருந்தால் இதைக் கேட்க ஏலாது."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "உவன் டங்கன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. போகும் வழியில் வழமைபோல மொராக்கை ஏற்றினார்கள். வட்டத்தில் அவளும் ஒருத்தி, ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்து இருபத்து மூன்று வயதில் கனடா வந்த கிழவி. எண்பது வயது, ஒரு கண் மங்கல். மாதா மாதம் அவளை ஏற்றி இறக்குவது இராஜரட்ணம்தான். வியாழக்கிழமை கூட்டத்தில் தின்ற றோல்ஸைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் உறைப்புக் கூட, ஆனால் நல்லது என்றாள். அவர் தலையாட்டினார்.

மண்டபத்தில் பதினொரு பேரும் இருந்தார்கள். டங்கன் பேனைகளை வரிசையாக வைத்திருந்தார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஒஷவாவில் பிறந்து வளர்ந்து, உயர்நிலைப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தாத்தாவின் ஊரான அபர்டீனுக்கு இரண்டு தரம் போயிருக்கிறார், இரண்டும் சுற்றுலா. கட்டம்போட்ட கழுத்துப்பட்டியைக் கோடையிலும் கழற்றமாட்டார்.

முதலில் பிரதீபா எழும்பினாள். ஆறாம் பொருள் நேரம் தான் குசினியில் நின்றதையும், தலைவர் தந்த துண்டைப் பார்த்து எழுதியதையும், ஏகமனது என்ற சொல் தான் கண்டதல்ல என்பதையும் சொன்னாள். டங்கன் சிரித்தபடி, அது ஒரு பெரிய விஷயமல்ல என்றார்.

பிறகு இராஜரட்ணம் ஒன்பதாம் விதியை வாசித்தார். தான் கை உயர்த்தியதாகவும், கேட்காமல் உயர்த்தியது தன் பிழை என்றும், வழிமொழிந்ததை இப்போது மீளப் பெறுவதாகவும், ஆறாம் பொருளை மீண்டும் எடுக்கக் கேட்பதாகவும், எல்லோரும் கேட்கக்கூடியதாகக் கடிதத்தை ஒருதரம் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். டங்கனே வாசிக்க வேண்டியதாயிற்று. 'வெளியிலிருந்து வந்து' என்ற இடத்தில் அவருடைய குரல் கொஞ்சம் வேகமெடுத்தது.

"ராஜ்," என்றார் டங்கன் வாசித்து முடித்து, "இது உங்களைப் போன்றவர்களைப் பற்றியதல்ல. நீங்கள் எங்களில் ஒருவர்."

"அப்போ யாரைப் பற்றியது?"

"மற்றவர்களைப் பற்றி."

"நான் பதினொரு வருடம் அவர்களை பஸ்ஸில் ஏற்றினேன். அந்த மற்றவர்களின் கதவைத் தட்டினேன். அவர்களிடம் போய், உங்களுக்கு இதில் ஒரு சொல் இருக்கிறது, வந்து சொல்லுங்கள் என்றேன். இனி என்ன சொல்வது?"

"வேண்டுமானால் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று ஒரு வரி சேர்க்கிறேன்," என்றார் டங்கன். அவர் அதை உண்மையாகவே அன்போடுதான் சொன்னார். பேனையைக்கூட எடுத்துவிட்டார். கோப்பைக்குள் ஊதி மிதந்த றோல்ஸ் பிரதீபாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வேண்டாம்," என்றார் இராஜரட்ணம். "என்னுடைய மனைவி நோ போட்டவள். அவளையும் விதிவிலக்கில் சேர்ப்பீர்களா?"

டங்கன் பேனையை வைத்தார்.

அப்போதுதான் மொராக் பேசினாள், இருந்த இடத்திலேயே, இராஜரட்ணத்தைப் பாராமல். "எனக்கு அன்றைக்கு வாக்கில்லை, ராஜ். நான் பிறந்த ஊர். என் அம்மாவைப் புதைத்த ஊர். நான் இங்கே சமையலறையில் இருந்து வானொலியில் கேட்டேன். உங்களுக்கு இருந்தது, எனக்கில்லை. அது சரியா?"

"சரியில்லை," என்றார் அவர். "உங்களுக்கும் தரச் சொல்லி எழுதுவோம். நானே வழிமொழிகிறேன். ஆனால் ஒருவரிடமிருந்து பிடுங்கித் தரச் சொல்லி அல்ல."

"எனக்கு எண்பது வயது," என்றாள் மொராக். "இரண்டையும் கேட்டால் ஒன்றும் தரமாட்டார்கள்."

வழிமொழிந்தவர் விலகியதால் வேறு ஆள் வேண்டும் என்றார் டங்கன். ஒருவரும் கை உயர்த்தவில்லை. இராஜரட்ணத்தின் வலது கை மடியில் ஒருதரம் அசைந்ததைப் பிரதீபா கண்டாள். பழக்கம். அவர் இடது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். கடைசியில் மொராக்கின் கை எழுந்தது.

எண்ணியது பிரதீபா. இந்தமுறை எழும்பி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இரண்டு தரம் எண்ணினாள். ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஐந்து. தாங்கள் இருவர், அவர்களோடு, வியாழக்கிழமை றோல்ஸைப் பார்த்துக்கொண்டு கை உயர்த்திய மூன்று பேர்.

எதிர்த்தவர்களில் ஒருவன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். ஆதரித்த ஆறு பேரும் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். இராஜரட்ணம் கால் பூட்டிய மேசையை விரித்து, ஆடுகிறதா என்று அமத்திப் பார்த்து, சுவரோரம் வைத்தார்.

திரும்பும்போது மொராக் முன் இருக்கையில் இருந்தாள். கெனடி வீதியில் வைப்பர் மட்டும் சத்தம் போட்டது. அவளுடைய மாடிக் கட்டடத்தில் அவர் இறங்கிக் குடை பிடித்து, வாசல் வரை கையைத் தாங்கிப் போனார். நாளை பதினொரு மணிக்குக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அவள் நினைவுபடுத்தினாள். ஞாபகம் இருக்கிறது என்றார். திரும்பி வந்து காரில் ஏறியதும், அவளைத் தாங்கிய கையைத் துணியால் துடைத்தார். மழை நீர்தான். ஆனாலும் நெடுநேரம் துடைத்தார்.

பிரதீபா பின்னால் இருந்து கடிதத்தின் மறுபக்கத்தில் கணக்குப் போட்டாள். பதினொன்றில் ஆறு என்றால் கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து வீதம். ஐந்து என்றால் நாற்பத்தைந்து. பிழையோ என்று திரும்பவும் வகுத்துப் பார்த்தாள்.

"கணக்குப் பாத்தியோ?" என்றார் அவர், காரின் முன்கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"ஓம்."

"நானும் பாத்தனான். அம்மாவுக்குச் சொல்லாதை."

வீட்டில் புனிதவதி தட்டுகளைச் சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்து பிசினாய்ப் பிடித்திருந்தது.

"எத்தினை?"

"ஆறுக்கு அஞ்சு."

"அப்ப திரும்பவும் தோத்தாச்சு."

"ஓம்," என்றார் இராஜரட்ணம். "என்ரை பேரை அதிலையிருந்து எடுத்தாச்சு."

"இனி உங்கை போகமாட்டியள்தானே?"

அவர் சப்பாத்தைக் கழற்றினார். நாடாவில் முடிச்சு விழுந்திருந்தது. "நான் போகாட்டி ஆறுக்கு நாலெல்லோ."

"வெக்கமில்லை," என்றாள் புனிதவதி. "நான் இனி உவங்களுக்குச் சுத்தமாட்டன். அந்த அஞ்சு பேருக்கு எண்டால் செய்யலாம்."

"மேசையிலை வைச்சால் பதினொரு பேரும் தின்னுவினம்."

"அதைத்தான் என்னாலை பாக்கேலாது," என்று சொல்லிவிட்டு அவள் தட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தாள்.

பிரதீபா தன் அறையில் கொப்பியைத் திறந்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு.
செய்தது: ஆறாம் பொருள் மீண்டும் எடுக்கப்பட்டது. எண்ணியது நான்.
பிழை: வெள்ளிக்கிழமை இதைச் சின்னப் பிழை என்று எழுதியது. கை காட்டியதை எழுதாமல் விட்டது.
நாளை: வகுப்புக்கு முன் திருத்திய குறிப்பைப் பதினொரு பேருக்கும் அனுப்பவேண்டும். ஆதரவு 6, எதிர்ப்பு 5. வழிமொழிந்தவர் மொராக். முதலில் வழிமொழிந்து பின் விலகியவர் இராஜரட்ணம் என்பதையும் எழுதவேண்டும். 'தெரியாமல்' என்ற சொல்லைச் சேர்க்கக்கூடாது.